செட்டிநாட்டில் சைக்கிள் சுற்றுலா... கியர் மக்கர் செய்தால் என்ன செய்யலாம்?

காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டு வீடுகளை நின்று நிதானமாகப் பார்க்க சைக்கிள்தான் வசதி. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் இந்தப் பள்ளத்தூர்தான்!

முன்பக்கம் மூன்று பல்சக்கரம் உள்ள பழைய ரேஸ் சைக்கிளோடு வருகிறீர்களா? செயின் பெரிய சக்கரத்திலிருந்து இறங்க மறுத்தால் உடனே ஸ்குரூவைத் திருகாதீர்கள். செயினை ஏற்றுவது ஒயர், இறக்குவது ஸ்பிரிங். வழியில் ஒட்டும் செம்மண் புழுதி அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. கியர் மாற்றியின் மூட்டுகளைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் அசைத்துப் பாருங்கள். செயின் ஏற மறுத்தால், தளர்ந்த ஒயரை இழுத்து முடுக்குங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் ஸ்குரூ.

சமதளச் சாலை இது. செயினை நடுச் சக்கரத்தில் போட்டாலே கானாடுகாத்தான் அரண்மனை வரை போய்விடலாம்.