பசை யாருக்குப் பாதுகாப்பானது?

பவளம் ஒட்டுகிறவரிடம் என்ன பசை பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். விரல் நுனி வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து உரிந்துகொண்டிருந்தால் சூப்பர் குளூ. விரல் இடுக்கில் தோல் சிவந்து தடித்து, பேசும்போதே சொறிந்துகொண்டிருந்தால் எபாக்ஸி. சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கம் ஒரு கடல்மீன் கடையின் பின்கட்டில் வேலை செய்யும் மூன்று பேரின் கைகளைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

கடையின் முன்பக்கம் எல்லாரும் பார்த்திருக்கக்கூடியதுதான்: நீல விளக்கு, கோமாளி மீன், விலைச்சீட்டு. வேலை நடப்பது பின்கட்டில். இடுப்புயர ஃபைபர் தொட்டிகள், ஓயாத பம்பு இரைச்சல், தண்ணீரைக் குளிர்வித்துவிட்டு அந்தச் சூட்டையெல்லாம் நம் காலடியில் கக்கும் சில்லர். தொட்டிக்குள் கட்டம் போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டிகள். கட்டத்துக்கு ஒன்றாகப் பீங்கான் பிளக்குகள். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் கட்டைவிரல் நகமளவு பவளத் துண்டு. ‘ஃப்ராக்’ என்கிறார்கள். தாய்ப் பவளத்தை வெட்டி, துண்டுகளைப் பிளக்கில் ஒட்டி, சில மாதம் வளர்த்து விற்கிறார்கள். கல் பவளங்கள் எல்லாம் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. நாடு விட்டு நாடு கொண்டுவர ஒவ்வொரு முறையும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு தாய்ப் பவளம் கைக்கு வந்துவிட்டால் அதைத் துண்டு போட்டுப் பெருக்குவது கடைக்கும் லாபம், கடலுக்கும் நல்லது.

மூவரில் ஒருவர் தமிழ் இளைஞர். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் விடியுமுன் மோட்டாரில் பாலத்தைக் கடந்து வருகிறார். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இன்னொருவர் ஜொகூர்க்காரரான சீனப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், கடையில் எல்லாருக்கும் ஆன்ட்டி. மூன்றாமவர் பாலிடெக்னிக்கில் கடல் அறிவியல் படித்துக்கொண்டு வார இறுதியில் வந்துபோகும் மாணவி. முதலாளி எனக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் காட்டிவிட்டு, எதையும் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இளைஞர் ஓர் அக்ரோபோரா கிளையை எடுத்தார். எலும்பு வெட்டும் கத்திரி போன்ற கருவியால் நறுக்கென்று ஒரு துண்டு. அதை அயோடின் கலந்த தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்தார். வெட்டுப்பட்ட அடிப்பக்கத்தை மட்டும் காகிதத்தில் ஒற்றினார். மேலே உயிர்த்தசை உள்ள இடத்தில் காகிதம் படவில்லை. பிளக்கில் பட்டாணி அளவு ஜெல் வைத்து, துண்டை அதில் அழுத்தி, உடனே தண்ணீருக்குள் அமிழ்த்தினார். பிடித்துக்கொண்டது.

“காய வைக்க வேண்டாமா?” என்றேன்.

“இது தண்ணி பட்டாத்தான் இறுகும்ண்ணே. காத்துல வச்சா லேட்டாகும், பவளமும் வாடிப்போகும்.”

சூப்பர் குளூவின் வேதியியல் அப்படி. அதன் பெயர் சயனோஅக்ரிலேட். ஈரம் பட்டவுடன் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகிவிடும். 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்கான தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடியபோது இது கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். 1951இல் அதே நிறுவனத்தில் மறுபடி கைக்கு வந்தபோதுதான், ஒட்டுவதே இதன் பயன் என்று உறைத்தது. 1958இல் சந்தைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயத்தில் தெளித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். இன்று அறுவை அறைகளில் தையலுக்குப் பதில் பூசுவது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வகை. தொட்டியில் வைத்தால் நஞ்சாகுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த வரலாற்றிலேயே பாதி இருக்கிறது: இறுகி முடிந்த சயனோஅக்ரிலேட் ஒரு பிளாஸ்டிக். அதனால் மீனுக்கும் பவளத்துக்கும் தொந்தரவில்லை.

மீதிப் பாதி, எந்தக் குளூ என்பதில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பொம்மை ஒட்டும் நீர்த்த வகை இங்கே ஆகாது. தண்ணீரில் பட்டதும் வெள்ளைப் படலமாகப் பரவி, பவளத்தின் தசைமேல் படிந்து, படிந்த இடத்தைக் கொன்றுவிடும். கெட்டியான ஜெல்தான் வேண்டும். இளைஞர் இரண்டு குழாய்களை என்னிடம் நீட்டினார். ஒன்றின் முகப்பில் அழகான பவளப் படம், கடல் தொட்டிக்கு உகந்தது என்ற வாசகம். இன்னொன்று இரும்புக்கடைச் சரக்கு. “பின்னாடி பாருங்க,” என்றார். இரண்டிலும் எழுதியிருந்தது ஒன்றே: எத்தில் சயனோஅக்ரிலேட். படம் போட்டதற்கு விலை அதிகம். பின்பக்கத்தில் மூலப்பொருள் என்னவென்றே எழுதாத குழாயை, முகப்பில் என்ன படம் இருந்தாலும், அவர் வாங்குவதில்லை.

எபாக்ஸி வேறு ரகம். இரு நிறக் களிம்பு ஒன்றின் உள்ளே ஒன்றாகக் குச்சி வடிவில் வரும். தேவையானதை வெட்டி, சப்பாத்தி மாவு மாதிரி நிறம் ஒன்றாகும்வரை பிசைய வேண்டும். பாதி பிசைந்தால் பாதிதான் இறுகும். இறுகாத பகுதி தண்ணீரில் கசியும். பிசைந்து முடித்தால் சில நிமிடங்களே அவகாசம். இறுகும்போது சூடும் கிளம்பும் என்பதால் பெரிய உருண்டையை உயிர்த்தசையோடு சேர்த்து அப்பக்கூடாது. இதன் அருமை, இடைவெளியை நிரப்புவதில். பாறை மேடுபள்ளமாக இருக்கும், பவளத்தின் அடியும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே ஜெல் நிற்காது, எபாக்ஸி நிற்கும்.

ஆனால் எபாக்ஸி ஈரப்பாறையைச் சரியாகப் பற்றாது. ஜெல் பற்றும், ஆனால் காய்ந்தபின் நொறுங்கும் இயல்புள்ளது, ஒரு நத்தை மோதினாலே தெறித்துவிடும். இந்த இரண்டு குறையையும் சேர்த்து ஒரு நிறையாக்கும் வித்தையை ஆன்ட்டி செய்து காட்டினார். பவளத்தின் அடியில் கொஞ்சம் ஜெல், அதன்மேல் எபாக்ஸி உருண்டை, உருண்டையின் மறுபக்கம் மறுபடி ஜெல். தண்ணீருக்குள் கையை விட்டு, பாறையில் வைத்து, அழுத்தி, கால் திருகு திருகினார். தண்ணீரில் இறங்கிய கணமே ஜெல்லின் மேல் ஒரு தோல் படிந்துவிடுகிறது. திருகினால் தோல் கிழிந்து உள்ளேயிருக்கும் ஈரப்பசை பாறையைத் தொடுகிறது. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பலர் திருகாமல் அழுத்திவிட்டு, பசை சரியில்லை என்று கடைக்கு வந்து சண்டை போடுகிறார்களாம்.

எபாக்ஸியில் அளவு முக்கியம். ஒரே நாளில் நிறைய அப்பினால் தண்ணீர் மங்கும். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் பொங்கி வழியும். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இரவோடு இரவாக வழிந்து, தரைப் பலகையெல்லாம் உப்புத் தண்ணீர் ஆன கதையை இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வீட்டுக்காரர் சிரித்திருக்க மாட்டார். ஸ்கிம்மரைச் சில மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு ஒட்டுங்கள், ஒரு நாளைக்குச் சில பவளம் போதும் என்பது அவர் ஆலோசனை.

தவிர்க்க வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குழாய் அடைக்கும் களிம்புகளில் உலோகத்தூள் கலந்தவை உண்டு. செம்பு சிறிதளவு கரைந்தாலும் முதுகெலும்பில்லா உயிர்களுக்கு நஞ்சு. குளியலறை சிலிகோனில் பூஞ்சையைக் கொல்லும் மருந்து இருக்கும். மருந்தில்லாத சிலிகோன் தொட்டிக் கண்ணாடியை ஒட்ட நல்லது. ஆனால் தண்ணீருக்கு வெளியே நாள் கணக்கில் காய வேண்டும் என்பதால் பவளத்துக்கு உதவாது. சிமெண்ட் ஊறும்போது சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மை ஏறும். கடலில் அது கரைந்து போகும், சிறு தொட்டியில் போகாது.

மென்பவளங்களுக்கு எந்தப் பசையும் சரிப்படாது. உடம்பெல்லாம் வழவழப்பு, ஒட்டிய மறுநாள் பசையை உரித்துவிட்டு மிதந்துகொண்டிருக்கும். ஆன்ட்டி அவற்றைச் சிறு கற்கள் நிரப்பிய பெட்டியில், மேலே வலை போட்டு, நீரோட்டம் குறைந்த மூலையில் வைத்துவிடுகிறார். சில நாளில் தானாக ஒரு கல்லைப் பற்றிக்கொள்கிறது. பிறகு கல்லைப் பிளக்கில் ஒட்டுகிறார். இதைப் பார்த்தபின்தான் இளைஞர் முதலில் சொன்ன ஒன்று எனக்கு விளங்கியது.

“பசை பவளத்தைப் புடிச்சு வைக்கிறதில்லண்ணே. பவளம் தானாப் புடிச்சுக்கிற வரைக்கும் ஆடாமப் பாத்துக்குது, அவ்ளோதான்.”

கல் பவளம் சில வாரங்களில் தன் சுண்ணாம்புக்கூட்டைப் பிளக்கின்மேல் பரப்பி, பசையையே மூடிவிடுகிறது. அதன்பின் பசை சிதைந்தாலும் கவலையில்லை. ஆகவே ‘எது மிக வலுவான பசை’ என்ற கேள்வியே கொஞ்சம் பிசகானது. அந்தச் சில வாரம் அசையாமல் இருந்தால் போதும். அதிகப் பசை அதிக வலு என்று நினைத்து அப்புகிறவர்கள், பவளம் பரவவேண்டிய இடத்தைத்தான் அடைக்கிறார்கள். கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் 2002 முதல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி வளர்த்துவருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2018 முதல் ஆணியோடு கூடிய கம்பிக் கிளிப்பைப் பாறையில் அறைந்து, துண்டை அதில் செருகிவிடுகிறார்கள். முக்குளிப்பவருக்குக் கடலடியில் எபாக்ஸி பிசைய நேரமேது?

தமிழ்நாட்டில் இதைப் படித்துவிட்டுத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: 2001 முதல் இந்தியாவில் கல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்த்து வைக்கப்பட்டவை. வீட்டில் வைத்தால் சிறை.

பின்கட்டுக்குத் திரும்புவோம். அங்கே இருந்த நேரமெல்லாம் ‘பாதுகாப்பானது’ என்ற சொல் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வாடிக்கையாளர் வந்து கேட்கிறார்: மீனுக்குப் பாதுகாப்பானதா? பவளத்துக்கு? இறாலுக்கு? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். பிசைகிற கைக்குப் பாதுகாப்பானதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இறுகிய எபாக்ஸி சாது. இறுகாத எபாக்ஸி, தொழிலாளர்களுக்கு வரும் தோல் ஒவ்வாமைக்கு உலகெங்கும் பெயர்போன காரணங்களில் ஒன்று. வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருக்கும். ஒருநாள் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு ஆயுள் முழுக்கத் தொட்டாலே தடிப்பு வரும். ஆன்ட்டிக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. கையுறை இருந்தது, எல்லாரும் வைத்திருக்கும் மெல்லிய லேடெக்ஸ். எபாக்ஸி அதை ஊடுருவிவிடும். தடிப்பு வந்தபிறகுதான் நைட்ரைலுக்கு மாறினார். மாற்றச் சொன்னது மாணவி. வகுப்பில் படித்ததை வந்து சொல்லியிருக்கிறாள்.

சூப்பர் குளூவுக்குப் பருத்திக் கையுறை போட்டால் இன்னும் மோசம். பருத்தியில் பட்டால் பசை சட்டென்று இறுகி, தோல் வேகும் அளவுக்குச் சூடு கிளம்பும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசைமேல் குனிந்து ஒட்டுகிறவரின் கண்ணிலும் மூக்கிலும்தான் நிற்கும். அந்தப் பின்கட்டில் ஒரு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, சில்லரை நோக்கி.

இதையெல்லாம் மிஞ்சியது ஜோயாந்தஸ். பொத்தான் பூப்போல வண்ண வண்ணமாக இருக்கும், வாங்குவோர் அதிகம். இந்தக் கூட்டத்தின் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. ஹவாய் பல்கலைக்கழகத்தார் 1971இல் பிரித்தெடுத்தது. இயற்கையில் கிடைக்கும் கொடிய நஞ்சுகளில் ஒன்று. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது கிளம்பிய நஞ்சால் குடும்பத்தாரோடு, உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஜோயாந்தஸ் வெட்டும்போது மட்டும் இளைஞர் கண்ணாடியும் முகமூடியும் மாட்டிக்கொண்டார். வெட்டும்போது தண்ணீர் பீறிட்டுக் கண்ணில் பட்டால் போதும். பல் துலக்கியால் தேய்ப்பதில்லை, வெந்நீர் ஊற்றுவதில்லை. கண்ணாடியை அவரே தன் காசில் வாங்கியிருக்கிறார்.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பவளம் வாடினால் தூங்காமல் தண்ணீரைச் சோதிக்கிற மனிதர். கையுறைப் பெட்டியின் விலையும் அவருக்குப் பெரிதல்ல. ஆன்ட்டியின் தடிப்பை அவர் பார்த்திருக்கிறார். உப்புத் தண்ணீரில் கை வைத்தால் வருவதுதானே என்று நினைத்திருக்கிறார். இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பசைக் குழாயில் பவளப் படம் போட இடமிருக்கிறது என்றால், எந்தக் கையுறை என்று ஒரு வரி எழுதவும் இடமிருக்கும்.

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளங்களைக் கடலில் நடும் திட்டத்தை 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. பத்தாண்டுக்கு மேல் நடக்கப்போகும் வேலை. ஃப்ராக் வெட்டவும் பொருத்தவும் பழகிய கைகள் இன்னும் நிறையத் தேவைப்படும். கடைகளில் பழகுகிறவர்களுக்கு இப்போதே நைட்ரைல் கையுறையும், கண்ணாடியும், மேசைப்பக்கம் திருப்பிய ஒரு காற்றுப்போக்கியும் கொடுங்கள். வாங்கப் போகிறவர்கள், மீனுக்குப் பாதுகாப்பானதா என்று கேட்ட கையோடு, ஒட்டித் தருகிறவர் என்ன கையுறை போட்டிருக்கிறார் என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் முதலாளி வாங்கிவைப்பார்.