எத்தாளையிலிருந்து ஓர் ஆடற்பள்ளி தேடி

புத்தளம் நகருக்குத் தெற்கே பாலாவிச் சந்தியிற் பிரியும் கற்பிட்டி வீதி, சிறிது தூரம் மேற்கே சென்று பின் வடக்கே திரும்புகின்றது. அவ்வீதியில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பயணஞ் செய்தால், ஒல்லாந்தர் 17-ஆம் நூற்றாண்டிற் கட்டிய கற்பிட்டிக் கோட்டையை அடையலாம். நுரைச்சோலையைத் தாண்டி அக்கோட்டையை நோக்கிச் செல்லும் வழியிலே அமைந்த கிராமம் எத்தாளை. கிழக்கே களப்பு, மேற்கே பெருங்கடல், இடையே மணல். அம்மணலிலே நீரிறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிப்போர் ஒரு புறம். வள்ளமும் வலையுமே வாழ்வாகக் கொண்டோர் மறு புறம். முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் அயலவராய் வாழும் குடாநாடு இது.

இத்தகைய கரையில் நின்று ஆடற்பள்ளியைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். கொழும்பிலே குடியிருப்போருக்கு ஒரு பள்ளி பிடிக்காவிடின் அடுத்த தெருவில் இன்னொன்று உண்டு. எத்தாளையிலுள்ள ஒரு தாய்க்கோ அவ்வசதியில்லை. பஸ் கட்டணமும் அரைநாட் பொழுதும் செலவிட்டுப் பிள்ளையை அழைத்துச் செல்லும் இடம் தகாததாயின், பணத்தோடு பிள்ளையின் ஆர்வமும் அவிந்துபோம். சில வேளை முழங்காலுங் கெடும். ஆகவே, ஆடற்பள்ளியைத் தெரிவு செய்யும் முறையை மற்றெவரினும் நன்கறிய வேண்டியோர் இத்தகைய கரையில் வாழ்வோரே.

இக்காலச் சிறுமியர் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே மேனாட்டுப் பாலே நடனத்தைக் கண்டு மயங்குவது இயல்பே. அதனை முறையாகப் பயில வேண்டுமெனின் 150 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்பையே பெரிதும் நாடவேண்டும். வாரந்தோறும் அத்துணைத் தூரம் சென்று மீள எத்தனை குடும்பங்களால் இயலும்? ஆனால் பரதமோ நம் அரசாங்கப் பாடசாலைகளிற் க.பொ.த. சாதாரண தரம் வரை ஒரு பாடமாக உள்ளது. அண்மையிலுள்ள பாடசாலையின் நடன ஆசிரியரை உசாவுவதே முதற்படி. அவர் தாமே கற்பிப்பார், அன்றேல் கற்பிப்போரைச் சுட்டுவார்.

பாலே கிட்டாமையாற் பரதத்தை இரண்டாந்தரமாக எண்ணுதல் வேண்டா. பாலே மாணவி முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மடக்குவதும், பரத மாணவி அரைமண்டியில் அமர்வதும் உடலுக்கு ஏறக்குறைய ஒரே பாடத்தையே புகட்டுகின்றன. இரு கலைக்கும் பாலமாய் விளங்கிய ஒருவரையும் நாம் அறிவோம். 1904-இற் பிறந்த ருக்மிணி தேவி முதலிற் பயின்றது பாலேயே. அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்கு ஆசிரியையானார். பின்னரே அவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் நம் நடனத்தைக் கற்று, 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 31. மறு ஆண்டே கலாக்ஷேத்திரம் தோன்றிற்று.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்னும் பழமொழியைச் சொல்லி, ஆட விழையும் தாய்மாரை நாம் வாயடைத்து விடுகின்றோம். 1920-இல் இலண்டனில் நிறுவப்பெற்று, இன்று றோயல் நடனக் கழகம் என வழங்கும் அமைப்பே 55 வயதைக் கடந்தோர்க்கெனத் தனி வகுப்பு முறையொன்றை வகுத்துள்ளது. ஐம்பதில் ஐந்தைப்போல் வளையாதிருக்கலாம். வளைய வேண்டிய அளவுக்கு வளையும். மகளை அழைத்து வந்து வாயிலிற் காத்திருக்கும் தாயையும் உள்ளே அழைக்கும் பள்ளி நல்ல பள்ளி.

இனித் தெரியும் முறையைக் காண்போம். பள்ளியின் ஆண்டு விழாவைக் கண்டு முடிவு செய்தலாகாது. விழாவில் முன்வரிசையில் ஆடுவோர் பல்லாண்டு பயின்றோர். புதிதாய்ச் சேர்ந்தோரின் வகுப்பை ஒரு நாள் அமைதியாக அமர்ந்து பார்த்தல் வேண்டும். பின்வரிசையிலே தடுமாறும் பிள்ளையிடம் ஆசிரியர் செல்கின்றாரா? முழங்கால் பாதவிரல்களின் நேரே நிற்குமாறு திருத்துகின்றாரா? நோகின்றது என்னும் பிள்ளையை உட்கார வைக்கின்றாரா, அன்றி ஏசுகின்றாரா? இவற்றிலேயே பள்ளியின் தரம் விளங்கும்.

அடுத்து, தரையைப் பார்க்க. வெறுஞ் சீமெந்துத் தரையில் நெடுநேரம் தட்டி ஆடினாற் குதிகாலும் கணைக்காலும் நோவெடுக்கும். பலகைத் தரை சிறந்தது. அது வாய்க்காதவிடத்துப் பயிற்சி நேரத்தையேனும் அளவோடு வைத்தல் வேண்டும். பாலே பயில்வோர், விரல்நுனியில் நிற்பதற்கான சப்பாத்தைச் சில ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னரே, அதுவும் பொதுவாக 11 அல்லது 12 வயதுக்கு முன்னராக அன்றி, அணிதல் தகும். சேர்ந்த ஆண்டிலேயே சிறுமிக்கு அதனை அணிவிக்கும் ஆசிரியரை விட்டு விலகுக.

மூன்றாவதாக, செலவை முற்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். மாதக் கட்டணம் சிறிதாயிருக்க, உடை, அணிகலன், பக்கவாத்தியம், மண்டபம் என்று அரங்கேற்றத்திற் பெருஞ்செலவு வந்து நிற்பதுண்டு. அதற்காக நகையை அடகு வைத்த குடும்பங்கள் உள. அரங்கேற்றஞ் செய்யாமலும் ஆடற்கலையைக் கற்கலாம். 1931-இல் நிறுவப்பெற்ற வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் போன்றவை படிப்படியாக முன்னேற வழிகாட்டுகின்றன. எனினும் சான்றிதழ் ஒன்றே கலையாகிவிடாது.

எத்தாளைப் பிள்ளை வெறுங்கையோடு ஆடற்பள்ளிக்குச் செல்வதில்லை என்பதையும் ஈண்டுக் கூறல் வேண்டும். புத்தளம் மாவட்டக் கரையிலே, உடப்பு போன்ற ஊர்களில், கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டுக்கு இசைய அடியெடுத்து வைப்பர். தாளத்துக்கு உடலை ஒப்படைக்கும் பயிற்சி அதனிலும் உண்டு. சிங்கள நடனமேதை சித்திரசேனா, கடற்றொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு 1961-இல் ‘கரதிய’ என்னும் பாலேயை அரங்கேற்றினார். கடற்கரையார் வாழ்வைத் தேடிக் கொழும்பு மேடையே வந்ததன்றோ?

ஆதலால், பெற்றோர்களே, பெரும்பெயர் பெற்ற பள்ளியைத் தேடிக் களைப்பதினும், வாரந்தவறாது சென்றுவரக்கூடிய தூரத்திலே, பின்வரிசைப் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர் ஒருவரைத் தேடுங்கள். அவர் கற்பிப்பது பரதமாயினும் பாலேயாயினும் கண்டிய நடனமாயினும், பிள்ளை வீடு திரும்பி முற்றத்து மணலிலே தானாக ஒருமுறை ஆடிப் பார்க்குமாயின், உங்கள் தெரிவு சரியென்று கொள்ளலாம்.