குளியலறைக் கணக்கு

எமது பாடசாலையின் ஆண்டுவிழா மலருக்கு எழுதும் ஆசிரியர்கள் வழமையாகத் தமிழின் தொன்மை பற்றியோ, புலம்பெயர் மண்ணில் பண்பாட்டைப் பேணுவது பற்றியோ எழுதுவார்கள். முன்னைய மலர்களில் நானும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். இம்முறை எங்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன். மாணவச் செல்வங்கள் நகைக்க வேண்டாம். ஊரில் கணிதம் கற்பித்த ஒருவன், தன் வீட்டுக் கணக்கிலேயே பிழை விட்டுத் திருத்திக்கொண்ட கதை இது.

நான் வளர்ந்த வலிகாமத்துக் கிராமத்தில் எங்களுக்குக் குளியலறை என்று ஒன்று இருக்கவில்லை. கிணற்றடி இருந்தது. ஒரு கயிறு, ஒரு வாளி, துவைக்கும் கல், அவ்வளவுதான். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் போய்ச் சேரும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அந்தக் கிணற்றடியை விட்டு வந்தோம். பின்னர் வன்னியில் ஆசிரியனாகி, போர் முடிந்த மறு ஆண்டு அகதியாக இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம், குளியலறையோ ஒன்று. காலையில் எழும் பூசலைத் தவிர்க்க, யார் எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம் என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். என் ஆசிரியத் தொழில் கனடாவில் முதன்முதல் பயன்பட்டது அந்த நேரசூசியிலேதான்.

ஆண்டுகள் சென்றன. வங்கிக் கடனில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். 1970களில் கட்டப்பட்ட வீடு. குளியலறையும் அக்காலத்ததே. பார்க்க அழகில்லை என்ற குறை எனக்கு இருந்ததே தவிர, அதனை மாற்ற வேண்டும் என்ற அவசியம் 2023ஆம் ஆண்டு மாசி மாதம் வரை ஏற்படவில்லை.

அம்மாதம் ஒரு காலை, எங்களுடன் வாழும் என் மாமி, எழுபத்தாறு வயதானவர், குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தார். அவ்விளிம்பு ஏறக்குறைய 15 அங்குல உயரம். மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. ஆனால் அதன் பின்னர் அவர் தொட்டிக்குள் இறங்கவில்லை. கைகழுவும் தொட்டியின் அருகே ஒரு முக்காலியில் இருந்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு வந்து, "குளிச்சிட்டன்" என்று சொல்லிவிடுவார். இது எங்களுக்குத் தெரிய மூன்று வாரங்கள் சென்றன. தன்னால் எங்களுக்குச் செலவு வந்துவிடும் என்றே அவர் மறைத்திருக்கிறார்.

குளியலறையைத் திருத்துவது என்று அன்றே முடிவு செய்தோம். இரவுவேலையின் மேலதிக நேர ஊதியத்தில் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த 14,000 டொலர் கையில் இருந்தது. வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பழைய பழக்கத்தின்படி ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டு வரவுசெலவுத் திட்டம் ஒன்று எழுதினேன்.

உடைத்து அகற்றுதல் - 1,000
குழாய் வேலை - 2,500
மின்வேலை, காற்றகற்றும் விசிறி - 1,000
சுவர்ப்பலகை, நீர்புகாத் தடுப்பு - 900
ஓடுகள் - 2,400
ஓடு பதிக்கும் கூலி - 2,200
கொமேட், கைகழுவும் தொட்டி, அலுமாரி, குழாய்கள் - 2,000
மொத்தம் - 12,000

ஓட்டுக்கு அவ்வளவு தொகை எப்படி வந்தது என்று பெற்றோர்கள் கேட்கக்கூடும். எங்கள் குளியலறை 8 அடி நீளமும் 5 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்டது. நான்கு சுவர்களின் பரப்பு 208 சதுர அடி. கதவுக்கு 18 கழித்தால் 190. தரை 40. ஆக 230. வெட்டும்போது கழிபடுவதற்கென நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டினால் 253 சதுர அடி. சதுர அடி 9 டொலர் பெறுமதியான, சலவைக்கல் போல மினுங்கும் ஓட்டையே நான் தெரிவு செய்திருந்தேன். அவ்வோட்டை ஒரு நண்பரின் வீட்டில் கண்டிருந்தேன். அதைக் கண்ட நாள் முதல் அது என் மனத்தை விட்டு அகலவில்லை. 253ஐ 9ஆல் பெருக்க 2,277. பசையும் சாந்தும் சேர்த்து 2,400. கணக்கு சரிதான் என்று நிறைவோடு கொப்பியை மூடினேன்.

அந்தக் கணக்கில் மூன்று பிழைகள் இருந்தன. மூன்றையும் பிறரே கண்டுபிடித்தனர்.

முதற் பிழையைக் கண்டவள் என் மகள். இப்பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பில் பயில்பவள். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, வரி எங்கை?" என்றாள். ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரி உண்டென்பதைச் சிறுவனும் அறிவான். 12,000க்கு வரி 1,560. மொத்தம் 13,560. கையிருப்பில் எஞ்சுவது 440 மட்டுமே. சதவீதத்தை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்பித்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டாவது பிழையைச் சுட்டிக்காட்டியவர் மதிப்பீடு செய்ய வந்த ஒப்பந்தகாரர். ஊரில் மேசனாராக இருந்து, இங்கு வந்து இத்தொழிலில் அனுபவம் பெற்றவர். பட்டியலை வாசித்து முடித்துச் சிரித்தார். "மாஸ்டர், சுவருக்குப் பின்னாலை என்ன கிடக்கெண்டு உடைச்சாத்தான் தெரியும். அதுக்கு நீங்கள் ஒரு சதமும் வைக்கேல்லையே. பழைய வீடு. நூற்றுக்குப் பதினைஞ்சாவது ஒதுக்கி வையுங்கோ" என்றார். 12,000க்கு 15 வீதம் 1,800. இரண்டையும் கூட்டி வரியும் சேர்த்தால் 15,594. என்னிடம் இருந்ததோ 14,000.

குறையும் 1,594 டொலரைக் கடன் அட்டையில் போடலாமா என்று அன்றிரவு யோசித்தேன். அட்டைக்கு ஆண்டு வட்டி ஏறத்தாழ 20 வீதம். ஓராண்டு கட்டாமல் விட்டால் வட்டி மட்டுமே 300 டொலரைத் தாண்டும். என் முகத்தைப் பார்த்த மனைவி கொப்பியை வாங்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தாள்.

"இஞ்சருங்கோ, இதிலை அம்மாவுக்கெண்டு என்ன இருக்கு?"

நான் விடை சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏழு வரிகள் எழுதியிருந்தேன். விழுந்தவருக்காகத் தொடங்கிய வேலையில், பிடித்துக்கொள்ள ஒரு கைபிடிக்கும் இடமில்லை. அதே உயரமுள்ள புதிய குளியல் தொட்டியையே மீண்டும் வைக்க நான் திட்டமிட்டிருந்தேன். மினுங்கும் ஓட்டுக்கு 2,400 டொலர், மாமிக்குப் பூச்சியம். கணக்கில் நேர்ந்த மூன்றாவது பிழை இது. இதனைக் கூட்டல் கழித்தலால் திருத்த இயலாது. பட்டியலையே கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

இம்முறை மாமிக்கு வேண்டியவற்றை முதலில் எழுதினோம். தொட்டியை அகற்றி, 2 அங்குல விளிம்பு மட்டுமுள்ள நின்று குளிக்கும் இடம், மடித்து வைக்கக்கூடிய இருக்கை, கையில் எடுத்துப் பிடிக்கும் நீர்த்தூவி, மூன்று கைபிடிகள். கைபிடியை வெறும் சுவர்ப்பலகையில் திருகினால் ஆளின் பாரத்தை அது தாங்காது. சுவருக்குள்ளே இருக்கும் மரச்சட்டத்திலோ, அதற்கென வைத்து அறையப்பட்ட பலகையிலோதான் திருக வேண்டும். ஆகவே சுவர் திறந்திருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். பின்னர் செய்வதென்றால் மீண்டும் உடைக்க நேரும்.

அடுத்து, நீர்புகாத் தடுப்பு. ஓடும் அவற்றின் இடையே இடும் சாந்தும் தண்ணீரை முற்றாகத் தடுக்கும் என்றே நான் எண்ணியிருந்தேன். அது தவறு. சாந்தின் வழியே ஈரம் மெல்லக் கசியும். அதைத் தடுப்பது பின்னால் உள்ள சீமெந்துப் பலகையின்மேல் இடும் நீர்புகாப் படலமே. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது எங்கள் குளியலறைக்கும் பொருந்திற்று.

ஓடுகளை நீர் படும் மூன்று சுவர்களுக்கும் தரைக்கும் மட்டுமாகக் குறைத்தோம். 80ம் 40ம் 120. கழிவோடு 132 சதுர அடி. சதுர அடி 4 டொலர் பெறுமதியான, வழுக்காத சாதாரண ஓடு. குளிக்குமிடத் தரைக்குச் சிறு சிறு ஓடுகள். இடைக்கோடுகள் கூடக் கூடக் காலுக்குப் பிடிமானமும் கூடும். ஏனைய சுவர்களுக்கு நாங்களே நிறம் பூசுவதென முடிவாயிற்று.

உடைத்து அகற்றுதல் - 1,000
குழாய் வேலை, வடிகால் மாற்றம் - 2,900
மின்வேலை, விசிறி - 1,000
சுவர்ப்பலகை, நீர்புகாத் தடுப்பு - 1,400
ஓடு, பசை, நிறப்பூச்சு - 700
ஓடு பதிக்கும் கூலி - 1,500
கொமேட், கைகழுவும் தொட்டி, குழாய்கள் - 1,500
கைபிடிகள், உட்பலகை, இருக்கை - 600
மொத்தம் - 10,600
எதிர்பாராச் செலவு, 15 வீதம் - 1,590
வரி, 13 வீதம் - 1,584.70
முழுத்தொகை - 13,774.70

225 டொலர் 30 சதம் மிஞ்சியது. பெருக்கிப் பார்த்தவள் மகளே.

இப்பட்டியலையே மூவரிடம் கொடுத்து மதிப்பீடு கேட்டோம். மூவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்தால்தான் விலைகளை ஒப்பிட முடியும். ஒருவர், பற்றுச்சீட்டு இன்றிக் கைக்காசாகத் தந்தால் 9,000 டொலருக்குச் செய்வதாகக் கூறினார். மேசனாரின் தொகை வரியுடன் 11,978. ஏறத்தாழ 3,000 டொலர் வேறுபாடு. என் மனம் சற்று அசைந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் தண்ணீர் ஒழுகினால் எந்தக் கடதாசியைக் காட்டி அவரைத் திருப்பி அழைப்பது? மேலும், மாமியின் மணிக்கட்டைப் படம் பிடித்த மருத்துவமனை எங்களிடம் ஒரு சதமேனும் கேட்கவில்லை. அந்தச் செலவு பலரும் கட்டிய வரியிலிருந்து வந்தது. மேசனாரிடமே வேலையை ஒப்படைத்து, எல்லாவற்றையும் எழுத்தில் இட்டோம். எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுக்கு மேல், புதிய வேலைக்கு நாம் சம்மதித்தாலன்றி, நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு அதிகமாக அறவிடலாகாது என ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகுத்தது. பெற்றோர்கள் இதனை மனத்திற் கொள்வது நன்று. பணத்தையும் ஒரே தடவையில் கொடுக்கவில்லை. வேலை நகர நகரக் கொடுத்து, இறுதிப் பத்தில் ஒரு பங்கை முடிவு வரை வைத்திருந்தோம்.

எதிர்பாராச் செலவு, எதிர்பார்த்தபடியே வந்தது. 1990க்கு முன் கட்டிய வீடுகளில் அஸ்பெஸ்டோஸ் இருக்கக்கூடும் என்பதால், உடைக்குமுன் தரையிலும் சுவரிலும் சிறு துண்டுகள் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுத்தோம். 90 டொலர். நல்லவேளை, இல்லை. தொட்டியைத் தூக்கியபோது அதன் கீழே தரைப்பலகை கறுத்து உக்கிப் போயிருந்தது. மேசனார் கால் விரலால் அழுத்த, அது பாண் போல உள்ளே போயிற்று. ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் கசிந்திருக்கிறது, நாங்கள் அறியவில்லை. அதற்கு 1,150. பழைய விசிறியின் குழாய் வெளியே செல்லாமல் கூரைக்குள்ளேயே முடிந்திருந்தது. அதை வெளியே கொண்டுபோக 250. மூன்றும் சேர்ந்து 1,490. ஒதுக்கிய 1,590இல் 100 மிஞ்சியது. அந்த ஒதுக்கீடு இல்லாதிருந்தால், உக்கிய பலகையின் மேலேயே மினுங்கும் ஓட்டைப் பதித்து மூடச் சொல்லியிருப்பேனோ என்று நினைக்கும்போது இன்றும் அச்சமாக இருக்கிறது.

ஓடு பதிக்குமுன் மேசனார் வடிகாலை அடைத்து, அடித்தளத்தில் தண்ணீர் நிரப்பி, ஒரு முழு நாள் விட்டுப் பார்த்தார். நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைத்தார். மறுநாள் அது இறங்கவில்லை. "மாஸ்டர், சோதினை பாஸ்" என்றார்.

வேலை மூன்று வாரங்களில் முடிந்தது. கைபிடி எந்த உயரத்தில் வரவேண்டும் என்பதை மாமியையே நிறுத்தி, அவர் கை எட்டுமிடத்தில் குறித்துக்கொண்டோம். முதல் நாள் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி கதவோரம் காத்து நின்றாள். தண்ணீர் விழும் ஓசை நெடுநேரம் கேட்டது. நிலக்கீழ்த் தளத்தில் நேரசூசி எழுதியவன் நான். அன்று நிமிடம் எண்ணவில்லை. வெளியே வந்தவர் தலையைத் துவட்டியபடி, "கிணத்தடியிலை குளிச்ச மாதிரி" என்றார்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் பெற்றோர் இத்தகைய கணக்குகளைப் போடுவார்கள். அப்போது அருகில் இருந்து கேளுங்கள். வரி எங்கே என்று கேளுங்கள். எதிர்பாராததற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இது யாருக்காக, அவருக்கு இதில் எந்த வரி என்று கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது கொப்பியை மூடிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கில் இறுதியாக எஞ்சியது, வரியையும் சேர்த்து, 338 டொலர் 30 சதம். அதை எதற்குச் செலவிடுவது என்று மாமியிடமே கேட்டோம். ஒரு வாளியும் ஒரு பித்தளைச் செம்பும் வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தோம். நீர்த்தூவி சுவரில் தொங்குகிறது. அவர் செம்பால்தான் அள்ளி வார்க்கிறார்.