ராணியின் வலது முன்னங்கால்

கொடைக்கானல் ஏரிச் சாலை. காலை ஏழு மணி. தண்ணீரின்மேல் பனி இன்னும் விலகவில்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கண்ணில் முதலில் பட்டது ஒரு சாம்பல்நிறப் பெண்குதிரையின் தலைதான். எட்டுக்கு எட்டு ஆமாம் போட்டுக்கொண்டே வந்தது.

"அழகா தலையாட்டுது பாரேன்" என்று ஓர் அம்மா குழந்தைக்குக் காட்டினாள்.

மரத்தடியில் சாக்கு விரித்திருந்த லாடக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அறுபதைத் தாண்டியிருப்பார். "கயித்தத் தளத்திவிடு மாப்ள. சின்ன ஓட்டமா ஒருதரம் கூட்டிட்டு வா."

கயிற்றைப் பிடித்திருந்த பையன் ராணியோடு ஓடினான். வலது முன்னங்கால் தார்ச்சாலையைத் தொடும்போதெல்லாம் தலை மேலே போனது. இடதுகால் ஊன்றும்போது இறங்கியது. குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. வலிக்கிற கால்மேல் அந்தப் பாரம் முழுதாக விழாதபடி தலையைத் தூக்கிக்கொள்கிறது. அந்த அம்மா பார்த்த அழகு இதுதான். வலப்பக்கமாகச் சின்ன வட்டம் போட்டுத் திருப்பியபோது எட்டு இன்னும் சுருங்கியது.

மாட்டுக்கு லாடம் கட்டும்போது சாய்த்துப்போட்டுக் கால்களைப் பிணைத்துவிடுவார்கள். குதிரைக்கு அந்தக் கட்டு கிடையாது. தன் காலை ஒரு மனிதரின் தொடையிடுக்கில் கொடுத்துவிட்டு, மற்ற மூன்று காலில் அது நின்றாக வேண்டும். வலிக்கிற காலை அப்படி நம்பிக் கொடுப்பதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

பழைய லாடத்தை நெம்பி எடுத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் குளம்பைச் சுற்றி மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். பின்பக்கம் வந்ததும் ராணி காலை வெடுக்கென்று இழுத்தாள்.

"எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாரு?"

"அந்தப் படகு எலும்புதானாம் மாமா. முழுசா சரியாவாதாம். பாத்து வச்சிக்கிட்டா நடக்குமாம்."

குளம்புக்குள்ளே, பின்பக்கத்தில், படகு போன்ற சின்ன எலும்பு ஒன்று இருக்கிறது. கிணற்று உருளைமேல் கயிறு ஓடுவதுபோல் அதன்மேல் ஒரு தசைநார் ஓடுகிறது. குளம்பின் முன்பக்கம் நீண்டு குதி தாழ்ந்துவிட்டால் கயிறு இறுகும். நாளாக நாளாக உருளையும் நோகும், கயிறும் நோகும்.

கத்தியும் அரமும் முன்பக்கத்திலேயே வேலை செய்தன. "குதியயும் கொஞ்சம் சீவிடுங்க மாமா, மட்டமா இருக்கும்" என்றான் பையன்.

"அதான் ஏற்கெனவே இல்லையேடா. தொடக் கூடாது."

மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராத நகம் அது. முன்பக்கச் சுவர் புதிதாக வளர்ந்து அடிவரை இறங்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். அதனால்தான் நாலு இழுப்பு இழுப்பார், காலை இறக்குவார், தள்ளி நின்று பார்ப்பார். மறுபடி நாலு இழுப்பு. அந்தப் பார்வைக்குப் போன நேரம்தான் அதிகம்.

பிறகு சாக்கிலிருந்து லாடத்தை எடுத்தார். வழக்கமான லாடம் பின்பக்கம் வாய் திறந்திருக்கும். இது வாய் மூடி முட்டைபோல் இருந்தது. தாழ்ந்த குதிக்குப் பின்னால் ஒரு தாங்கல். முன்விளிம்பை மழுக்கியிருந்தார், கால் சீக்கிரம் எழும்பட்டும் என்று. ஆறு ஆணிகள், ஆறும் முன்பாதியிலேயே. பாரம் விழும்போது குதி விரிந்துகொடுக்க வேண்டும். அங்கே ஆணி அடித்தால் பூட்டியதுபோல் ஆகிவிடும்.

சுத்தியல் இறங்கியபோது அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் கெட்டியாக இருந்தால் ஆணி நகத்துக்குள் போகிறது என்று பொருள். ஐந்தாவது ஆணியில் சத்தம் மந்தமானது. உடனே பிடுங்கி, முனையைப் பார்த்தார். ரத்தம் இல்லை. சற்று வெளியே தள்ளி அடித்தார். பையன் அப்போதுதான் மூச்சு விட்டான். நானும்தான்.

இடதுகாலுக்கும் அதே வேலை முடிந்து, ராணியை நடத்தியபோது தலை இன்னும் ஆடத்தான் செய்தது. ஆனால் நன்றாகக் குறைந்திருந்தது.

"சீசன் வருது மாமா. வலி ஊசி போட்டு ரெண்டு மாசம் ஓட்டிரவா?"

லாடக்காரர் அரத்தைத் துடைத்தபடியே இருந்தார். "ஊசி போட்டா அவ தலையாட்ட மாட்டா. அப்புறம் உனக்கு யாரு சொல்லுவா?" கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சு வாரத்துல கூட்டிட்டு வா. அதுவரைக்கும் மண்ணுல நடத்து."

பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தார்ச்சாலையிலிருந்து இறங்கினான். ஏரிக்கரைப் புல்லோரம் ராணி பின்னால் நடந்தாள். அந்த அம்மாவின் குழந்தை ஓடிவந்து, "அண்ணா, ஒரு ரவுண்டு" என்றது.

"இவ மேல இல்ல பாப்பா" என்றான் பையன். "வேணும்னா தொட்டுப் பாரு."