வழியும் தங்குமிடமும்

1951ஆம் ஆண்டுக் கோடையில் ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலிருந்து ஒரு குடும்பம் தலைநகராகிய வாஷிங்டனை நோக்கி மோட்டார் வண்டியிற் புறப்பட்டது. வீடு கட்டி விற்கும் தொழிலினரான கெமன்ஸ் வில்சன், அவர் மனைவி, பிள்ளைகள் ஐவர் என எழுவர் அதிற் சென்றனர். வழியிலிருந்த மோட்டல்கள் அறை வாடகையோடு அமையாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலதிகமாக இரண்டு டொலர் கேட்டன. தந்தைக்குச் சினம் மூண்டது. அடுத்த ஆண்டிலேயே, பெற்றோருடன் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் அறவிடாத விடுதியொன்றை அவர் மெம்பிஸிலே திறந்தார். ‘ஹொலிடே இன்’ என்னும் பெயருடன் அது பின்னர் நாடெங்கும் கிளை பரப்பிற்று.

அமெரிக்கக் குடும்பங்களின் நெடும்பயண வரலாற்றில் இக்கதை விரும்பிக் கூறப்படுவதொன்று. அவ்வரலாற்றுக்கு ஒரு கவர்ச்சி உண்டு என்பதை மறுத்தல் இயலாது. சிக்காகோவில் தொடங்கி எட்டு மாநிலங்களைக் கடந்து, பசிபிக் கரையிலுள்ள சாந்தா மொனிக்காவில் முடிந்த 66ஆம் இலக்க நெடுஞ்சாலை 1926இல் வகுக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2,400 மைல். முப்பதுகளில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலமிழந்த உழவர் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றி, அவ்வழியே கலிபோர்னியாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அதே வழி விடுமுறைக்காலத்து உல்லாச வழியாயிற்று. சோள வயல்கள் பின்னிட, ஒக்லகோமாவின் செம்மண் தோன்றும். டெக்சாஸின் மேய்ச்சல் வெளி ஓய, நியூ மெக்சிகோவின் தட்டை மலைகள் எழும். அரிசோனாவில் வடக்கே திரும்பிச் சென்றால் கிராண்ட் கனியன் என்னும் பெரும் பள்ளத்தாக்கு வாய் திறந்து கிடக்கும். அதன் பின் மொஹாவிப் பாலை. பின்னிருக்கையில் பிள்ளைகள் சண்டையிட்டும் சமாதானமாகியும் “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டுக்கொண்டே இவற்றையெல்லாம் கண்டனர். ஒரு தேசத்தின் பரப்பை ஒரு குடும்பம் தன் கண்ணால் அளந்தறியும் வாய்ப்பு அது.

ஆயின் அப்பரப்பு எல்லாக் குடும்பத்தினர்க்கும் ஒரே அளவினதாக இருக்கவில்லை. அதே ஆண்டுகளில் அதே நெடுஞ்சாலைகளிற் சென்ற ஒரு கறுப்பினக் குடும்பத்தை எண்ணிப் பார்த்தல் தகும். புறப்படுவதற்கு முன்னிரவே தாய் கோழி பொரித்து, முட்டை அவித்து, பாண் நறுக்கிப் பெட்டியில் அடுக்கிவிடுவாள். தண்ணீர்ப் போத்தல்கள், போர்வைகள், மேலதிக எரிபொருள், பிள்ளைகளின் அவசரத் தேவைக்கு ஒரு பாத்திரம் ஆகியனவும் வண்டியில் ஏறும். வண்டியோட்டிகள் அணியும் தொப்பியொன்றைத் தந்தை கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும் உண்டு. பொலிசார் மறித்துக் கேட்டால், வண்டி தம் வெள்ளை முதலாளியுடையதெனக் கூறித் தப்புவதற்கே அது. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் எவரும் எல்லைக்குள் இருத்தலாகாது என விலக்கிய ஊர்கள் தெற்கில் மட்டுமன்றி, வடக்கிலும் மேற்கிலும் இருந்தன. ஆதலால் அத்தந்தை கதிரவனையும் கடிகாரத்தையும் மாறி மாறி நோக்கியே வண்டி செலுத்தினான்.

வில்சனின் மனக்குறை இரண்டு டொலர் பற்றியது. இத்தந்தையோ எத்தனை டொலர் கொடுத்தும் அறை பெறல் அரிது. 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்திலே மார்ட்டின் லூதர் கிங் தம் மக்கள் படும் அவமானங்களை அடுக்கிச் சொன்னபோது, நாட்டின் குறுக்கே பயணஞ் செய்வோர் எந்த மோட்டலும் ஏற்காமையால் இரவுதோறும் வண்டிக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருந்தார்.

இந்நிலையிலேதான் ஒரு தபாற்காரரின் முயற்சி முக்கியத்துவம் பெறுகின்றது. நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகள், உணவகங்கள், முடிதிருத்தகங்கள், எரிபொருள் நிலையங்கள் ஆகியவற்றின் முகவரிகளைத் தொகுத்து 1936இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘கிரீன் புக்’ என வழங்கிய அது, நியூயோர்க் வட்டாரத்தில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதையும் தழுவியது. விடுதி எதுவுமில்லாத ஊர்களில், தம் வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு ஒதுக்கிய குடும்பங்களின் முகவரிகளும் அதில் இடம்பெற்றன. சென்று வந்தோர் எழுதியறிவித்தவற்றால் அது வளர்ந்தது.

நம் ஆற்றுப்படை இலக்கியங்களை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. முன்னே சென்று பயன்பெற்றவன், பின்னே வருபவனை மறித்து, இவ்வழிச் செல்க, இன்ன இடத்தில் இன்ன உணவு கிடைக்கும், இன்னார் உன்னை ஏற்பர் என்று கூறுவதே ஆற்றுப்படை. பாணன் நாடிச் சென்றது வள்ளலின் கொடையை. இப்பயணி நாடியதோ காசு கொடுத்துப் பெறும் ஒரு படுக்கையை மட்டுமே. மற்றொரு வேறுபாடும் உண்டு. இத்தகைய வழிகாட்டி தேவைப்படாத நாளொன்று வரும் என்ற நம்பிக்கையைக் கிரீன் தம் நூலிலேயே வெளியிட்டிருந்தார். தான் வேண்டாததாகிவிட வேண்டும் என்று விரும்பிய நூல் அது.

கிரீன் 1960இல் மறைந்தார். 1964இல் நிறைவேறிய குடிசார் உரிமைகள் சட்டம், விடுதிகளிலும் உணவகங்களிலும் இனவொதுக்கலைத் தடைசெய்தது. 1966–67ஆம் ஆண்டுப் பதிப்போடு நூலும் நின்றது. எனினும் கதை அவ்வளவில் இனிதே முடிந்துவிடவில்லை. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது ஒரு மோட்டலின் மேல்மாட முன்றிலிலே. கிரீன் நூலில் இடம்பெற்றிருந்த ‘லொறெய்ன்’ என்னும் அவ்விடுதி அமைந்திருந்ததும், பிள்ளைகளுக்கு இலவசமாக இடமளித்த முதல் ஹொலிடே இன் எழுந்த அதே மெம்பிஸ் நகரிலேயாகும்.

இதற்கிடையில், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 41,000 மைல் நீளமான புதிய பெருந்தெருக்கள் நாடெங்கும் அமைக்கப்படலாயின. சந்திகளும் சமிக்ஞை விளக்குகளும் குறுக்கிடாத அவ்வழிகள் பயணத்தை விரைவாக்கின. ஆனால் நியூ ஓர்லியன்சின் கிளெய்போர்ன் வீதி போன்ற இடங்களிலே, கறுப்பின மக்களின் கடைத்தெருவையும் நிழல் மரங்களையும் அழித்தே அவை எழுந்தன. பழைய 66ஆம் இலக்கச் சாலையும் 1985இல் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வழியின் சிறப்பை அதன் அகலத்தாலும் அதில் விரையும் வண்டிகளாலும் அளப்பது வழக்கம். அவ்வழியில் இருட்டிய வேளையில் யார் யார் அச்சமின்றி வண்டியை நிறுத்தலாம் என்று கேட்பதே பொருத்தமான அளவாகும். அக்காலத்துப் பயணங்களைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த கறுப்பினத்தவர் பலர், பெட்டியிலிருந்த பொரித்த கோழியைக் குழந்தைப்பருவத்தில் ஒரு விருந்தாகவே எண்ணியதாகக் கூறியுள்ளனர். வழியோர உணவகத்தில் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்ட பிள்ளைக்கு, வீட்டுச் சாப்பாடே சுவையானது எனத் தாய் சொல்லியிருப்பாள். அந்த விடையின் பொருள் விளங்கப் பிள்ளைக்குப் பல ஆண்டுகள் சென்றன.