டீசல் குடிக்கும் புல்லட்

ஜொகூரில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினின் சத்தத்தைக் கேட்க வேண்டுமானால் மெர்சிங் படகுத்துறைக்குப் போகலாம். பாசார் மாலாமில் சாத்தே கடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம் நிற்கலாம். காய்கறித் தோட்டங்களில் தண்ணீர் இறைப்பதும் அதுதான். "குளுவாங்கில் ஓர் அண்ணன் அதை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருக்கிறார், வந்து பார்" என்று தோழி சொன்னதும் ஒலிப்பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வானொலிக்காரிக்கு நல்ல சத்தம் கிடைக்குமென்றால் சோறுகூட வேண்டாம்.

குளுவாங் போகிறவர்கள் முதலில் இரயில் நிலையக் காப்பிக் கடையில்தான் உட்காருவார்கள். 1938-லிருந்து இருக்கும் கடை. கரியடுப்பில் வாட்டிய ரொட்டியும் காயாவும் வருவதற்குள் தோழி கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். அண்ணன் தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி அவருடைய அப்பாவுடையது. இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலையில் செய்த ராயல் என்ஃபீல்டு புல்லட். தோட்டத்துச் சின்ன துரை ஊருக்குத் திரும்பும்போது அப்பா அதை விலைக்கு வாங்கினாராம். பல வருடங்களுக்கு முன் சங்கிலி அறுந்து, எஞ்சினின் கிராங்க்கேஸ் விரிந்துபோனது. அன்று முதல் வண்டி சாக்குக்கு அடியில் கிடந்தது.

பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வாசலில் நின்றால் லம்பாக் மலை தெரிகிறது. புல்லட்டின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார். அது இருந்த இடத்தில் சட்டம் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"டீசலைப் போட ஏன் புல்லட்தான் வேண்டும்? ஒரு கப்சாயில் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"உன் கப்சாயில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கும்மா. எஞ்சினைத் தூக்கினா கியரும் கூடவே போயிடும். இதுல அப்படி இல்ல. கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. எஞ்சின் முதுகுல போல்ட் போட்டு மாட்டியிருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல சங்கிலி. எஞ்சினை மாத்தினாலும் கியர் அதே கியர்தான்."

இந்தப் பழைய அமைப்புதான் புல்லட்டின் தலையெழுத்தை எழுதியது. மண்வெட்டிக்குக் காம்பு மாற்றுவதுபோல எஞ்சினை மாற்றலாம் என்பதை இந்திய விவசாயிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். வயலில் பம்பு ஓட்டும் டீசல் எஞ்சின் கையில் இருக்கிறது, பழைய புல்லட் வாசலில் நிற்கிறது, டீசலோ அரசாங்கம் விலையைக் கட்டிவைத்த பொருள், பெட்ரோலைவிட மலிவு. இது மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும்? குஜராத்தின் சௌராஷ்டிரா பக்கம் 'சக்கடா' என்றொரு வண்டி உண்டு. முன்பாதி புல்லட், பின்பாதி இரட்டைச் சக்கரத் தட்டு, நடுவில் கிரீவ்ஸ் டீசல் எஞ்சின். நிலக்கடலை மூட்டையும் கல்யாணக் கூட்டமும் ஒரே தட்டில் போகும்.

ஊர்ப் பட்டறைகள் செய்ததைக் கடைசியில் கம்பெனியே செய்தது. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையிலிருந்து டீசல் புல்லட்டை விற்பனைக்கு விட்டது. பின்னால் அதற்கு 'டாரஸ்' என்று பெயர். கிரீவ்ஸ் லொம்பார்டினி எஞ்சின், 325 சிசி, 6.5 குதிரைத்திறன். பெட்ரோல் புல்லட்டுக்கு 18. அதாவது வண்டி புல்லட், சக்தியோ கப்சாய் அளவுகூடத் தேறாது. எடை 196 கிலோ. மணிக்கு 65 கிலோமீட்டரைத் தொட்டாலே ஓட்டுகிறவருக்குப் பல் கூசும். ஆனால் ஒரு லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். பால்காரர்களும் விவசாயிகளும் வாங்கினார்கள். புகை விதிகள் இறுகியதும் 2000-ஐ ஒட்டி அது நின்றுபோனது. டீசல் மோட்டார் சைக்கிளை ஒரு பெரிய கம்பெனி தொடர்ந்து தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்றது உலகத்திலேயே அபூர்வம். அது நம் தாத்தாக்கள் கப்பலேறிய சென்னையில் நடந்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பிறகு ஜெர்மனியில் சோமர் என்ற சிறிய நிறுவனம் இதே என்ஃபீல்டு சட்டத்தில் 462 சிசி ஹாட்ஸ் டீசல் எஞ்சினை வைத்து, 11 குதிரைத்திறன் வண்டியாக விற்றது. அங்கே வாங்கியவர்கள் பால்காரர்கள் இல்லை.

அண்ணனுக்கு லொம்பார்டினி கிடைக்கவில்லை. அவர் தேடியது ஜப்பானிய யன்மார் எல்100 வகை அல்லது அதைப் பார்த்துச் சீனாவில் செய்யும் 186எஃப். காற்றில் குளிரும் எஞ்சின், 400 சிசிக்குச் சற்று மேல், ஏறத்தாழ 10 குதிரைத்திறன். மெர்சிங்கில் தெரிந்தவர் ஒருவரிடம் ஜெனரேட்டரிலிருந்து கழற்றியது இருப்பதாகத் தகவல் வந்தது. அவருடைய லோரியில் நானும் ஏறிக்கொண்டேன்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போக, ஜெமாலுவாங் வரைக்கும் 50-ஆம் எண் கூட்டரசுச் சாலை. காஹாங் வரைக்கும் இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு காலத்தில் இதெல்லாம் ரப்பர் என்று அண்ணன் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். இது இந்தத் தோட்டம், அது அந்தத் தோட்டம், இங்கே தமிழ்ப்பள்ளி இருந்தது, அங்கே மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். காஹாங் தாண்டினால் எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் பிரியும் வழி. ஜெமாலுவாங் முச்சந்தியில் கோத்தா திங்கி சாலை வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு காற்றிலேயே உப்பு தெரியும்.

வழியில் கணக்குப் போட்டோம். 80 கிலோமீட்டருக்கு டீசல் புல்லட் ஒன்றேகால் லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அந்த விலைக்கு 4 வெள்ளி 19 சென். பெட்ரோல் ரோன் 95 அப்போது 2.05. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் சாதாரணக் கப்சாய் இதே தூரத்தை 3 வெள்ளி 28 சென்னில் முடித்துவிடும். அதுவும் இரண்டு மடங்கு சீக்கிரமாக. இந்தியாவில் டீசல் புல்லட்டைப் பெற்றெடுத்த விலை வித்தியாசம் இங்கே தலைகீழாக நிற்கிறது. (அங்கும் 2014 அக்டோபரில் டீசல் விலையை அவிழ்த்துவிட்டார்கள்.) சிக்கனத்துக்காக ஜொகூரில் யாராவது டீசல் மோட்டார் செய்தால் அவருக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தம்.

"சிக்கனத்துக்கு யாரும்மா செய்யுறா?" என்றார் அண்ணன். வேறு எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொன்னார், எனக்குப் பிடித்திருந்தது. நம் நாட்டு டீசலில் 2019-லிருந்து 10 விழுக்காடு செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல் கலக்கிறார்கள். பாசிர் கூடாங்கில் அதற்கான ஆலைகள் இருக்கின்றன. "பத்துல ஒரு பங்கு நம்ம தோட்டத்துல ஓடினது நம்ம டேங்கிலயும் ஓடும்." 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். எனவே இது ஒன்றும் புதுமை இல்லை.

எஞ்சினோடு திரும்பியதும் உண்மையான வேலை ஆரம்பமானது. புல்லட் சட்டத்தில் எஞ்சினுக்குக் கீழே குழாய் ஓடுவதில்லை. முன்குழாயையும் பின்பக்கத்தையும் இணைப்பதே எஞ்சினின் உடம்புதான். எனவே புது எஞ்சினைத் தாங்கும் இரும்புத் தகடுகள் வண்டியையே தாங்க வேண்டும். அழுத்த விகிதம் அடுத்த தலைவலி. பழைய பெட்ரோல் எஞ்சின் காற்றை ஆறேழு மடங்குதான் அழுத்தும், டீசல் 20 மடங்கு வரை அழுத்தும். ஒவ்வொரு வெடிப்பும் எலும்பில் இறங்கும். ஒரு போல்ட் தளர்ந்தால் அடுத்த ஊர் போவதற்குள் மற்றதெல்லாம் தளரும். வேகமும் அப்படித்தான். டீசல் நிமிடத்துக்கு 3600 சுற்றோடு நின்றுவிடும். சங்கிலிப் பற்சக்கரத்தை மாற்றாவிட்டால் நாலாவது கியரிலும் ஆமைதான்.

மகனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில் பாலம் கடந்து வருகிறவர். "ரெட்டிச் புல்லட்டை வெட்டி நாசம் பண்ணுறார்ங்க அப்பா. அப்படியே வச்சிருந்தா விலை மதிப்பே வேற" என்று என்னிடம் முறையிட்டார். ரோட்டில் ஓட்டவும் முடியாது என்றார். அது சரிதான். கிராண்டில் இருக்கும் எஞ்சின் எண்ணும் எரிபொருளும் மாறினால் ஜேபிஜே அனுமதி வேண்டும், வாகனப் பரிசோதனை வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் விபத்தில் காப்புறுதி கையை விரித்துவிடும்.

நான் மகன் பக்கம் பாதி, அப்பா பக்கம் பாதி. சட்டத்தில் ரம்பம் வைத்திருந்தால் முழுதாக மகன் பக்கம் போயிருப்பேன். அண்ணன் வைக்கவில்லை. பழைய போல்ட் ஓட்டைகளிலேயே தகடுகளைப் பொருத்தியிருந்தார். நினைத்தால் ஒரே நாளில் கழற்றிப் பழைய எஞ்சினை மாட்டலாம். ஓட்டுவதும் சொந்த மூன்று ஏக்கர் செம்பனைக்குள் மட்டும்.

அன்று மாலை முதன்முதலாகக் கிளப்பினார். அழுத்தம் விடும் நெம்பைப் பிடித்துக்கொண்டு மூன்று உதை. நாலாவதில் கறுப்புப் புகை ஒன்று கொட்டகையை நிறைத்தது. பிறகு அந்தச் சத்தம். புல்லட்டின் 'டுப் டுப்' இல்லை. தகரத்தில் சுத்தியல் விழுவதுபோல, ஒழுங்காக, நிறுத்தாமல். மகன் கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

வீட்டுக்குள்ளிருந்து அண்ணனின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். தொண்ணூறு வயதுக்குப் பக்கம். தோட்டத்து லயத்தில் மாலையில் ஜெனரேட்டர் ஓடும்போதுதான் மின்சாரம், இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அந்தக் காலத்து மனுஷி.

"டைனமோ போட்டுட்டானா? சோறு வடிச்சிட்டேனா நான்?" என்று கேட்டார்.

அண்ணன் எஞ்சினை நிறுத்தப் போனார். வேண்டாம், ஓடட்டும் என்று அம்மா கையைக் காட்டி, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். மகன் கைப்பேசியை இறக்கிவிட்டு, உள்ளே போய் பாட்டிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தார்.

இந்தியாவில் புதுக் கிராங்க்கேஸ் கிடைக்குமா என்று மகன் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை டீசல்தான். இரண்டு பல் கூடுதலான பற்சக்கரம் ஒன்றைக் கடைந்து தரும் ஆளை அண்ணன் ஆயர் ஈத்தாம் பக்கம் தேடுகிறார்.