ரயிலில் போன வாக்குமூலம்

எங்கள் புத்தூரில், சி.ஐ.டி. போலீஸில் வேலை பார்த்து ரிட்டயரான பெரியவர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு சிநேகிதம் வாய்த்தால் யோகந்தான் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவரிடமிருந்து ஒரு சிறுகதைக்குக்கூட விஷயம் தேறவில்லை.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்த மாத்திரைக்காக அவர் வரிசையில் நின்றார். பேச்சுத் துணைக்கு நான். காந்தி நினைவு மருத்துவமனை என்று பெயரைப் பார்த்ததும் எனக்குச் சஞ்சீவி பிள்ளையின் ஞாபகம் வந்தது. சொல்ல ஆரம்பித்தேன்.

டி.ஜி. சஞ்சீவி பிள்ளை சென்னை மாகாணப் போலீஸ் அதிகாரி. 1947இல் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது, தேசத்தின் உளவுத்துறை அவர் கைக்கு வந்தது. லேசான நாற்காலியல்ல அது. 1924 முதல் 1931 வரை அதில் உட்கார்ந்திருந்த டேவிட் பெட்ரிதான், பிறகு யுத்த காலத்தில் லண்டனில் எம்.ஐ.5க்கே தலைவரானார். பிள்ளைக்குக் கிடைத்தது நாற்காலி மட்டுமே. ரகசியக் கட்டுகளில் பலவற்றைப் போகிறவர்கள் கொளுத்திவிட்டிருந்தார்கள்.

1948 ஜனவரி 20. பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. பிடிபட்ட மதன்லால் பாவா, கூட்டாளிகளில் ஒருவன் பூனாவில் பத்திரிகை ஆசிரியன் என்கிற அளவுக்குத் துப்புக் கொடுத்தான். மறுநாளே டில்லிப் போலீஸார் இருவர் விமானத்தில் பம்பாய்க்குப் போய், வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு, டில்லிக்கு வந்திருந்த பூனா சி.ஐ.டி. அதிகாரியிடம் 25ஆம் தேதி வாக்குமூலத்தைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் ரயில் ஏறி, அலகாபாத் வழியாகச் சுற்றிக்கொண்டு பம்பாய் போய்ச் சேர்ந்தது 27ஆம் தேதி. 30ஆம் தேதி சாயங்காலம் அந்தப் பத்திரிகை ஆசிரியன் துப்பாக்கியோடு டில்லியில் நின்றான்.

1969இல் அறிக்கை தந்த கபூர் கமிஷன் இந்தப் பத்து நாளையும் துருவிப் பார்த்தது. பிள்ளையையும் அது விடவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே, 1950இல், அவர் இடத்துக்கு மல்லிக் வந்து பதினான்கு வருஷம் நிலைத்துவிட்டார். பிள்ளைமேல் எனக்குப் பரிதாபமும் உண்டு, கோபமும் உண்டு. பரிதாபம் அந்தக் காலி அலமாரிகளுக்காக. கோபம் அந்த ரயிலுக்காக.

"அந்த அதிகாரி நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டேன்.

வரிசை இரண்டடி நகரும் வரை அவர் பேசவில்லை. பிறகு, தம் உத்தியோகத்தைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தார்.

"நானும் ரயில்லேதான் போயிருப்பேன், ஸார். பிளேனுக்கு யார் பில் பாஸ் பண்ணுவாங்க?"

சீட்டை ஜன்னலுக்குள் நீட்டினார்.